டிவியில் தெரிந்த வைரஸும் பத்துபோதும் சாரும்

மணமேல்குடி தொடங்கி கட்டுமாவடி வரை கடலோரத்தில் அடுத்தவர் உயிரை வாங்குவதற்கென்றே பிறந்தவர்கள் பல பேரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வேலையை முழுநேரமாகச் செய்தவர் பத்துபோதும் சார் மட்டும்தான். கேள்வி இதுதான்: "என்னத்தப் பாக்கணும்?"

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மாதாமாதம் அதை டைப் அடித்தவனே நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்காரரே அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிடுவார்.

நாங்கள் வேலை பார்த்தது மணமேல்குடியில் ஒரு இறால் தீவனக் கடையில். முன்பக்கம் தீவன மூட்டைகள். பின்பக்கம் ஒரு அறை, அதற்கு லேப் என்று பெயர். சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் தங்கள் குளத்து இறாலைப் பாலித்தீன் பையில் தண்ணீரோடு கொண்டுவருவார்கள். பத்துபோதும் சார் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார். நான் அதை ரிப்போர்ட்டாக டைப் அடிப்பேன். முதலாளி அந்த ரிப்போர்ட்டைக் காட்டி மருந்து விற்பார். மூன்று பேரில் இறாலைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்தான், ஆகவே சம்பளம் குறைவாக வாங்கியவரும் அவர்தான்.

லேபில் இரண்டு மைக்ரோஸ்கோப் இருந்தன. ஒன்று நெட்டை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பார்த்திருப்போம், வெளிச்சம் கீழேயிருந்து வரும், கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிசாக எதையாவது வைத்து மேலேயிருந்து பார்க்க வேண்டும். இன்னொன்று குட்டை. இரண்டு கண்ணாலும் பார்க்கலாம், வெளிச்சம் மேலேயிருந்து விழும், முழு இறாலையும் அப்படியே தண்ணீரோடு வைத்துப் பார்க்கலாம். நெட்டை நானூறு மடங்கு பெரிதாகக் காட்டும். குட்டை பத்து மடங்கில் ஆரம்பிக்கும், ரொம்பத் திருகினால் நாற்பது. பத்துபோதும் சார் எந்த இறாலையும் முதலில் குட்டையில்தான் வைப்பார். வைத்தவுடன் அவர் வாயிலிருந்து வருகிற இரண்டு சொற்கள்தான் அவர் பெயராகிப்போயின.

பண்ணைக்காரர்களுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. மீமிசலிலிருந்து வேலை மெனக்கெட்டு வந்தவனுக்குப் பத்து மடங்கு என்றால் கோபம் வரத்தானே செய்யும்.

"சார், பெருசா வச்சுப் பாருங்க சார்."

"என்னத்தப் பாக்கணும்?"

"நோய் இருக்கான்னு பாக்கணும்."

"ஓட்டுல இருக்கான்னு பாக்கணுமா, செவுள்ல இருக்கான்னு பாக்கணுமா, கொடல்லயா?"

"எல்லாத்துலயும் பாருங்க. நானூறுல வைங்க."

"நானூறுல வச்சா ஒங்க எறால் தெரியாதுங்க. அதோட மீசையில ஒரு முடி தெரியும். முடிக்கா வைத்தியம் பாக்கணும்?"

வந்தவர் முதலாளியிடம் போய், உங்க ஆள் மிஷினை மிச்சம் பிடிக்கிறார் என்று புகார் சொல்லிவிட்டுப் போவார். அன்று சாயங்காலம் முதலாளி பத்துபோதும் சாரைக் கூப்பிட்டுத் திட்டுவார். மறுநாள் காலை அவர் மறுபடியும் குட்டையைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு உலகமே இரண்டு வகைதான். வெளிச்சம் உள்ளே புகுந்து வெளியே வருகிற பொருள், வராத பொருள். வந்தால் நெட்டை, வராவிட்டால் குட்டை. உயிரோடு இருப்பதை உயிரோடுதான் பார்க்க வேண்டும், நசுக்கிவிட்டுப் பார்க்கக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி லேபில் ஒட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவர் இதை வீட்டுக்கும் கொண்டுபோனார். அவர் மனைவி ஒரு தடவை புதுப் புடவை உடுத்திக்கொண்டு வந்து நின்று, எப்படி இருக்கு என்று கேட்டிருக்கிறார். இவர் புடவைத் தலைப்பை ஜன்னல் பக்கமாகப் பிடித்து, "என்னத்தப் பாக்கணும்? நெசவையா, சாயத்தையா?" என்று கேட்டாராம். அந்தம்மா அதே புடவையோடு அறந்தாங்கியில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். திரும்பி வர ஒன்பது நாள் ஆனது.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் புதிதாக மைக்ரோஸ்கோப் வாங்கியிருந்தார்கள். அதில் எதை வைத்தாலும் கறுப்பாகத் தெரிகிறது, கொஞ்சம் வந்து பாருங்கள் என்று இவரைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். உள்ளே முழுசாக ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து கிடந்தது.

"கறுப்பா தெரியுதுங்க சார். லென்ஸ் கோளாறா?" என்றார் தலைமையாசிரியர்.

"லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. வெளிச்சம் கீழருந்து வருது. கரப்பான் அத மறிச்சுக்கிட்டுக் கெடக்கு. நீங்க பாக்குறது கரப்பானோட நெழல். அதோட எறகக் கிழிச்சு வைங்க, தெரியும். முழுசாப் பாக்கணும்னா இது தோதுப்படாது, கைலென்ஸே போதும்."

இதோடு கிளம்பியிருக்கலாம். தலைமையாசிரியர் மரியாதைக்காக, பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டார். எதைப் பார்க்க எந்த மைக்ரோஸ்கோப் என்று இவர் ஆரம்பித்தார். வெங்காயத் தோலுக்கு இது, இரத்தத்துக்கு இது, குளத்துத் தண்ணீருக்கு இது, எறும்புக்கு அது, பூவுக்கு அது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. அவர் அப்போதுதான் சாயம் ஏற்றிப் பார்ப்பதா, ஏற்றாமல் பார்ப்பதா என்ற இடத்துக்கு வந்திருந்தார். சத்துணவு ஆறிப்போனது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் இன்றைக்கும் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் திரும்பி நடக்கிறார்கள் என்று கேள்வி.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் முதலாளிக்கு டிவி ஆசை வந்தது. வேறொரு ஊரில் இன்னொரு தீவனக் கடைக்காரர் மைக்ரோஸ்கோப்பை டிவியோடு இணைத்து வைத்திருக்கிறார், அங்கே கூட்டம் அள்ளுகிறது என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் ஆயிரம் மடங்கு காட்டுகிற புது மைக்ரோஸ்கோப், அதன் தலையில் ஒரு கேமரா, சுவர் அகலத்துக்கு ஒரு டிவி எல்லாம் வந்து இறங்கின. பெட்டியைப் பிரிக்கும்போதே பத்துபோதும் சார் ஆரம்பித்துவிட்டார்.

"நல்ல மிஷினுதான் மொதலாளி. இதுல என்னத்தப் பாக்கணும்?"

"வைரஸ். வெள்ளைப்புள்ளி வைரஸ் டிவியில பாக்கலாம்னு போர்டு எழுதச் சொல்லியாச்சு."

"அது இதுல தெரியாதுங்க."

"ஆயிரம் மடங்குய்யா."

"பத்தாயிரம் ஆனாலும் தெரியாதுங்க. வைரஸு நம்ம வெளிச்சத்தோட அலையவிடச் சின்னது. சாளை மீனு வலையப் போட்டுக் கொசு பிடிக்கிற கதை. அதுக்குப் பிசிஆர் டெஸ்ட்டுன்னு தனியா இருக்கு. எறால் சதைய அனுப்பணும்."

"அத டிவியில காட்ட முடியுமா?"

"முடியாதுங்க. ஒரு தாள்தான் வரும்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாளிலிருந்து பத்துபோதும் சாருக்கு லேபில் வேலை இல்லை. பண்ணை பண்ணையாகப் போய் வாளியில் தண்ணீரும் இறாலும் எடுத்து வருகிற வேலை. ஒரு பழைய மொபெட்டைக் கொடுத்துவிட்டார்கள். குட்டை மைக்ரோஸ்கோப் குடோனுக்குள் தீவன மூட்டைகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது. புது மிஷினை இயக்குவதை முதலாளியே ஏற்றுக்கொண்டார். பிகாம் அரியரோடு நின்றவர் என்றாலும் அவருக்குத் தன்னம்பிக்கையில் குறைவே கிடையாது.

அவர் முறை ரொம்ப எளிது. இறாலின் செவுளில் ஒரு துண்டைப் பிய்ப்பார். ஸ்லைடில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே மூடுகிற மெல்லிய கண்ணாடியைச் ஆட்டத்தில் சீட்டைப் போடுவதுபோல் மட்டமாகப் போடுவார். ஆயிரம் மடங்கு லென்ஸுக்கு என்று ஒரு தனி எண்ணெய் உண்டு. அது தீர்ந்த பிறகு வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். டிவியைப் போட்டால் வட்ட வட்டமாக, கறுப்பு விளிம்போடு, நடுவே பளபளவென்று என்னென்னமோ தெரியும். கூடியிருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒருவர், இறாலே வளர்க்காதவர், மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து வைரஸ் காட்டிவிட்டுப் போனார். கடையில் வியாபாரம் நன்றாக நடந்தது, என்னையும் சேர்த்து யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

அந்த நேரத்தில்தான் சகாயமேரி அக்கா வந்தார். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அக்கா தனி ஆளாக ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து, கழுத்தில் காதில் கிடந்ததையெல்லாம் விற்று இறால் குஞ்சு விட்டிருந்தார். ஐம்பதாவது நாள். இன்னும் ஒன்றரை மாதம் தாக்குப்பிடித்தால் பிடித்து விற்கலாம். இரண்டு நாளாக இறால் சரியாகத் தீனி எடுக்கவில்லை, ஓட்டின் மேல் அழுக்குப் படிந்ததுபோல் இருக்கிறது என்று பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

முதலாளி பிய்த்தார், அமுக்கினார், மூடினார், டிவியைப் போட்டார். வட்டங்கள் வந்தன. அக்கா டிவியைப் பார்த்தபடி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளைப்புள்ளிதான்க்கா. நீங்களே பாக்குறீங்கள்ல," என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பி, "வைரஸ் உறுதின்னு அடி," என்றார்.

நான் அடித்தேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், முப்பத்தொரு வயது, அந்த மிஷினில் வைரஸ் தெரியாது என்று பத்துபோதும் சார் சொன்னதைப் பக்கத்தில் நின்று காதால் கேட்டவன். அப்படியும் அடித்தேன். கீழே வழக்கம்போல் என் பெயரின் முதல் எழுத்தையும் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் வெள்ளைப்புள்ளி என்று ரிப்போர்ட் வந்தால் அந்தக் குளத்துக்காரர் அழுது முடிப்பதற்குள் அக்கம்பக்கத்துக் குளத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள். குளத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி அத்தனை இறாலையும் கொன்றுவிட்டால்தான் மற்ற குளங்கள் தப்பிக்கும். அக்காவின் குளத்தைச் சேர்த்து எட்டுக் குளத்துக்கும் ஒரே வாய்க்கால். பக்கத்துக் குளத்து ரெங்கசாமி, ரிப்போர்ட்டின் மை காய்வதற்குள் ஒரு குட்டியானை வண்டி நிறையப் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளோடு எங்கள் கடை வாசலுக்கே வந்துவிட்டார். கூடவே பத்துப் பதினைந்து பேர்.

"அக்கா, ஒங்க மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா இன்னிக்கே போட்டுரணும். நானும் பிள்ளகுட்டிக்காரன்," என்றார் ரெங்கசாமி.

"அண்ணே, ரெண்டு நாள் பொறுங்கண்ணே. இன்னொரு எடத்துல பாத்துட்டு வாரேன்," என்றார் அக்கா.

"டிவியிலயே தெரிஞ்சிருக்கு. இன்னும் எங்கிட்டுப் போயிப் பாக்கப் போறீங்க?"

அவர் சொல்வதில் தப்பில்லை. அக்கா கேட்பதிலும் தப்பில்லை. தப்பு செய்த இரண்டு பேரில் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார், இன்னொருவனான நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போது மொபெட்டின் இரண்டு பக்கமும் வாளி தொங்க, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பத்துபோதும் சார் வந்து சேர்ந்தார். கூட்டத்தை விலக்கி உள்ளே வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, டிவியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னத்தப் பாத்தீங்க?" என்றார் முதலாளியிடம். முதல் தடவையாகக் கேள்வி இறந்தகாலத்துக்கு மாறியிருந்தது.

"வைரஸ்."

"அப்படியா. ஒரு ஒதவி பண்ணுங்க மொதலாளி. ஒங்க கையாலயே இன்னொரு ஸ்லைடு போடுங்க. எறால் வேணாம். ரெங்கசாமியண்ணே, ஒங்க தண்ணி பாட்டிலக் குடுங்க."

ரெங்கசாமி குடித்துக்கொண்டிருந்த பாட்டிலைக் கொடுத்தார். கூட்டம் பார்க்கிறது, முதலாளியால் மறுக்க முடியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர், மட்டமாக ஒரு கண்ணாடி, மேலே தேங்காய் எண்ணெய். டிவியைப் போட்டு அங்கிட்டு இங்கிட்டு நகர்த்தினார். அதே வட்டங்கள், அதே கறுப்பு விளிம்பு, அதே பளபளப்பு. அக்காவின் இறாலில் இருந்ததைவிட இரண்டு கூடுதலாகவே இருந்தன.

"அண்ணே, நீங்க குடிச்ச தண்ணிக்கு வெள்ளைப்புள்ளி வந்துருக்கு," என்றார் பத்துபோதும் சார். முகத்தில் சிரிப்பே இல்லை. "ஒங்க வகுத்துலயும் ஒரு மூட்டை பிளீச்சிங் போட்டுரலாமா?"

கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. ரெங்கசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கை தன்னை அறியாமல் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

"காத்துக் குமிழுண்ணே. கண்ணாடிய மட்டமாப் போட்டாக் காத்து மாட்டிக்கும். இப்பப் பாருங்க." இன்னொரு சொட்டு விட்டு, கண்ணாடியின் ஒரு ஓரத்தைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு சாய்வாக மெதுவாக இறக்கினார். டிவியில் ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் அந்த அறையில் ஒன்றுமே தெரியாத டிவியை நாங்கள் பார்த்ததில்லை.

பிறகு குடோனுக்குள் போய்க் குட்டையைத் தூக்கி வந்தார். அதன் விளக்கு வயரை எலி கடித்திருந்தது. முதலாளி முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. பத்துபோதும் சார் அதைக் கண்டுகொள்ளாமல், கடை வாசலில் வெயிலில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் வைத்தார். "வெளிச்சம் மேலருந்துதான வேணும். சூரியன் அங்கிட்டுத்தான இருக்கு," என்றார். டிபன் பாக்ஸ் மூடியில் அக்காவின் குளத்துத் தண்ணீரை ஊற்றி, உயிரோடு ஒரு இறாலை விட்டு, லென்ஸுக்கு அடியில் தள்ளினார். குனிந்து பார்த்தார். வழக்கமான அந்த இரண்டு சொற்களும் வந்தன. பிறகு எழுந்து, "ஏம்மா, நீ வந்து பாரு," என்று அக்காவைக் கூப்பிட்டார்.

"பஞ்சு மாதிரி இருக்கு சார். முதுகெல்லாம் மொளச்சிருக்கு."

அவர் ஒரு ஊசியால் அந்தப் பஞ்சை லேசாகத் தொட்டார். அக்கா சட்டென்று தலையைத் தூக்கினார்.

"சுருங்குது சார். உசுரோட இருக்கு."

"ஆமா. ஒட்டிக்கிட்டிருக்கிற ஜீவன். தண்ணியில கழிவு கூடிப்போனா இது வரும். எறாலுக்கு உள்ள இல்ல, மேல. இத ஆயிரத்துல வச்சு அமுக்குனா செத்துப்போயிக் குப்பையாத்தான் தெரியும்."

அந்தப் பஞ்சில் துளி சுரண்டி, உள்ளே போய் நெட்டையில் நூறு மடங்கில் வைத்தார். காம்பு காம்பாக, ஒவ்வொரு காம்பின் நுனியிலும் மணி போல ஒன்று, எல்லாம் ஒன்றாக நீண்டு ஒன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தன. ரெங்கசாமி இரண்டு தடவை பார்த்தார். குட்டியானை டிரைவரும் பார்த்தார். எல்லார் முகமும் தெளிந்துவிட்டது, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். பத்துபோதும் சாரைப் பற்றித் தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

"அப்ப வைரஸு இல்லைல்ல சார்? அத ஒரு வார்த்த சொல்லிருங்க, நாங்க கெளம்புறோம்," என்றார் ரெங்கசாமி.

"அதச் சொல்ல முடியாதுங்க."

வாசல் பக்கம் நகர்ந்த ரெங்கசாமி திரும்பி வந்தார்.

"இதுல வைரஸு தெரியாதுன்னு நாந்தான சொல்றேன். தெரியாததுல பாத்துட்டு இல்லன்னு எப்படிச் சொல்றது? பாக்காதத நான் சொல்ல மாட்டேன்."

அந்த நிமிடத்தில் அந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒரே ஒரு சொல். 'இல்லை' என்று சொன்னால் ஒரு பெண்ணின் பிழைப்பு தப்பிக்கும். இவர் அரிச்சந்திரன் வேஷம் கட்டுகிறார். ரெங்கசாமி மூட்டையை எடுக்கச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார். அக்கா பத்துபோதும் சாரின் எதிரே வந்து நின்றார்.

"சார், இல்லன்னு சொல்ல முடியாது. சரி. இருக்குன்னு சொல்ல முடியுமா?"

"முடியாதும்மா."

"கேட்டீங்களாண்ணே. இருக்குன்னும் தெரியல. தெரியாம இத்தன உசுரையும் கொல்லச் சொல்றீங்களா? பிசிஆரோ என்னமோ, அதுக்கு எத்தன நாளு சார்?"

"நாகப்பட்டினம் பக்கம் அனுப்புனா ரெண்டு நாளு."

ரெங்கசாமி யோசித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "ரெண்டு நாள் நான் பொறுப்பேன். காக்கா பொறுக்குமா? ஒரு காக்கா இந்தக் கொளத்து எறாலத் தூக்கிட்டு வந்து என் கொளத்துல போட்டா நான் என்ன பண்ணுறது?"

பத்துபோதும் சார் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"வாய்க்கா மடைய அடைச்சுருவோம். வலை, வாளி எதையும் வெளிய எடுக்க வேணாம். காக்காய நான் ஓட்டுறேன்," என்றார்.

அன்றைக்கே சாம்பிளைக் கெட்டுப்போகாமல் இருக்க ஆல்கஹாலில் போட்டுப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினோம். மறுநாள் விடிந்ததும் அவர் குளத்துக் கரையில் இருந்தார். ஒரு கையில் தீவனக் கம்பெனிக் குடை, இன்னொரு கையில் எவர்சில்வர் தட்டும் கரண்டியும். விலங்கியலில் முதுகலை படித்தவர். காக்கை வரும் திசையைக் கணக்குப் பண்ணி, கரையை நான்கு பாகமாகப் பிரித்து, சுற்றிச் சுற்றி வந்து தட்டிக்கொண்டிருந்தார். ஒரு நீர்க்காகம் வந்து உட்கார்ந்தபோது, அது காக்கை வகையில் சேராது என்று ரெங்கசாமியிடம் அரை மணி நேரம் விளக்கிவிட்டு அதையும் ஓட்டினார். இடையிடையே அக்காவை, தண்ணீரில் காற்றைக் கலக்குகிற ஏரேட்டர் போதாது, தீனியைக் குறை, அடிச் சேற்றைப் பார் என்று திட்டினார். இருட்டினால் காக்கை வராது, அதனால் சாயங்காலம் ஆனதும் வீட்டுக்குக் கிளம்பினார். அவர் மனைவி அன்றைக்கு எதுவும் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

வேலைக்கு வராததற்கு முதலாளி சம்பளத்தைப் பிடிக்கச் சொன்னார். இரண்டாம் நாள் மத்தியானம் நான் பார்க்கப் போனபோது, கரையில் ரெங்கசாமியும் இன்னொரு தட்டை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், எதிர்க்கரை காலியாகக் கிடக்கிறது என்று இவர் தன்னைத் திட்டியதாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை ரிசல்ட் என் போனுக்கு வந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். வரப்பில் ஓடிவரும்போதே, "நெகட்டிவ் சார்," என்று கத்தினேன்.

"என்னத்தோட நெகட்டிவ்? மேலருந்து வாசி. சாம்பிள் நம்பர் என்ன?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் வாசித்தேன். நம்பர், தேதி, குளம், எந்த நோய்க்குப் பார்த்தது, முடிவு. கடைசி எழுத்து வரை கேட்டுவிட்டு அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்றேம்மா. இல்ல."

அக்கா அப்படியே கரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ரெங்கசாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு மடையைத் திறக்கப் போனார். அந்தக் குளத்தில் நாற்பத்து மூன்று நாள் கழித்து நல்ல இறால் பிடித்தார்கள்.

முதலாளி அதை, எங்கள் லேப் காப்பாற்றிய குளம் என்று ஊரெல்லாம் சொன்னார். டிவியில் இப்போது கிரிக்கெட் ஓடுகிறது, அதற்கும் கூட்டம் வருகிறது. பத்துபோதும் சார் அந்த வருடமே விலகி, வடக்கே எங்கோ ஒரு இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் சேர்ந்துவிட்டார். அங்கேயும் இந்நேரம் ஒரு முதலாளி தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான்கு வருடத்தில் நான் அடித்த ரிப்போர்ட்டுகளில் அவர் திருத்தாமல் விட்டது ஒன்றுகூட இல்லை. புள்ளி இடம் மாறினால் கூப்பிடுவார், தேதி தப்பானால் கூப்பிடுவார், எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவார். அன்றைக்கு வைரஸ் உறுதி என்ற அந்த ரிப்போர்ட்டை ரெங்கசாமி கையிலிருந்து வாங்கி முழுசாகப் படித்தார். கீழே என் எழுத்து இருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அக்காவிடமோ முதலாளியிடமோ என்னிடமோ அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.